வெங்காய வேர்நுனியில் செல் பகுப்பு: ஸ்லைடு செய்வதும் படிப்பதும்

செய்முறை வகுப்பில் வெங்காய வேர்நுனி என்றதும் எல்லாரும் தேடுவது ஒன்றைத்தான்: பாடநூல் படத்தில் இருப்பதுபோல் குரோமோசோம்கள் நட்டநடுவே வரிசைகட்டி நிற்கும் மெட்டாஃபேஸ் நிலைச் செல் ஒன்று. அது கண்ணில் பட்டதும் வரைந்து, பெயர் குறித்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். வருடக்கணக்கில் இந்த ஸ்லைடைச் செய்துகாட்டுவதே என் வேலை. அந்த உரிமையில் சொல்கிறேன், அந்த ஒரு செல்லைவிட அதைச் சுற்றி ஒன்றும் நடக்காததுபோல் கிடக்கும் நூற்றுக்கணக்கான செல்களிடம்தான் விஷயம் அதிகம். ஸ்லைடில் இருப்பவை எல்லாம் ஒரே நேரத்தில் நிறுத்தப்பட்ட செல்கள். எந்த நிலையில் எத்தனை செல் சிக்கியது என்று எண்ணினால், அந்த நிலை எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று தெரிந்துவிடும். ஆனால் எண்ணுவதற்குத் தகுந்த ஸ்லைடு வேண்டும். பாதிப் பேருக்கு அதுதான் அமைவதில்லை.

வெங்காயத்தைத் தேர்ந்தெடுப்பது வீணாக இல்லை. அதன் செல்லில் குரோமோசோம்கள் 16 மட்டுமே. ஒவ்வொன்றும் பெரியது. மனித மரபுத்தொகையைப் போல் ஏறத்தாழ 5 மடங்கு டிஎன்ஏ வெங்காயத்துக்கு உண்டு. அதனால் அதன் குரோமோசோம்கள் சாதாரண மாணவர் நுண்ணோக்கியிலேயே தெளிவாகத் தெரியும்.

வேர் விடுதலும் நிறுத்துதலும்

புதிய, உறுதியான, முளை தட்டாத வெங்காயமாக எடுங்கள். அடித்தட்டில் ஒட்டியிருக்கும் பழைய காய்ந்த வேர்களைக் கத்தியால் மெல்லச் சுரண்டுங்கள். தட்டையே வெட்டிவிட்டால் வேர் வராது. அடித்தட்டு மட்டும் நீரைத் தொடும்படி ஒரு குவளையின் வாயில் உட்காரவையுங்கள். நீரைத் தினமும் மாற்றுங்கள். இரண்டு நாளில் வெள்ளை முனைகள் எட்டிப்பார்க்கும், மூன்று நான்கு நாளில் 2 சென்டிமீட்டர் வந்துவிடும். சில வெங்காயம் எத்தனை நாள் வைத்தாலும் வேர் விடாது. சேமிப்பில் முளைக்காமல் இருக்கக் கதிர்வீச்சுக்கோ மருந்துக்கோ ஆளாகியிருக்கலாம். அதனோடு மல்லுக்கட்டாமல் வேறொன்றை வையுங்கள். ஒரே நேரத்தில் நாலைந்து வைப்பதே புத்திசாலித்தனம்.

வேரை எப்போது வெட்டுவது என்பதில் ஆளுக்கொரு கருத்து. காலை என்பார் ஒருவர், நண்பகல் என்பார் இன்னொருவர். அந்த வாதத்தில் இறங்காமல் ஒரே நாளில் இரண்டு மூன்று வேளைகளில் சில நுனிகளை வெட்டித் தனித்தனிக் குப்பியில் போட்டுவிடுங்கள். எதில் பகுப்பு நிறைய இருக்கிறது என்று ஸ்லைடே சொல்லிவிடும்.

வெட்டிய வேர் உடனே நிலைப்படுத்தும் கரைசலுக்குப் போகவேண்டும். எத்தில் ஆல்கஹால் மூன்று பங்கு, அடர் அசிட்டிக் அமிலம் ஒரு பங்கு. ஆல்கஹால் செல்லைச் சுருக்கும், அமிலம் உப்பவைக்கும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டும். இந்தக் கலவையை அன்றன்றே கலக்கவேண்டும். வைத்திருந்தால் இரண்டும் வினைபுரிந்து எத்தில் அசிட்டேட்டாக மாறத் தொடங்கும், நிலைப்படுத்தும் வேகமும் போய்விடும். ஒரு நாள் ஊறியபின் 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் வாரக்கணக்கில் தாங்கும். அடர் அசிட்டிக் அமிலம் தோலைச் சுடும், ஆவி மூக்கைத் துளைக்கும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அந்தப் பாட்டிலைத் திறக்கவேண்டாம்.

மென்மையாக்குதல், சாயம் ஏற்றுதல்

தாவர செல்கள் பெக்டினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பசையைக் கரைக்காமல் நசுக்கினால் கட்டியாகத்தான் நிற்கும். 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை 60 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, வேர்களை அதில் 8 நிமிடம் விடுங்கள். 100 மில்லிலிட்டர் தயாரிக்க 37 சதவீத அடர் அமிலம் 8.3 மில்லிலிட்டர் போதும். நீரில் அமிலத்தை ஊற்றுங்கள், அமிலத்தில் நீரை ஊற்றாதீர்கள். வெப்பநிலையில் சோம்பல் கூடாது. 50 டிகிரியில் பசை சரியாகக் கரையாது; 60 டிகிரியிலேயே கால் மணி நேரம் மறந்துவிட்டால் வேர் குழைந்து இடுக்கியில் நிற்காது. எடுத்ததும் நீரில் இரண்டு முறை அலசுங்கள். அமிலம் மிச்சமிருந்தால் சாயம் பிடிக்காது.

சாயத்துக்கு அசிட்டோ ஆர்சின் அல்லது அசிட்டோ கார்மைன். இரண்டுமே 45 சதவீத அசிட்டிக் அமிலத்தில் கரைத்தவை. கார்மைன் வெளிறித் தெரிந்தால் பழைய ஆட்கள் துருப்பிடித்த ஊசியால் அதைக் கலக்குவார்கள். அதில் மூடநம்பிக்கை ஏதுமில்லை, இரும்பு சேர்ந்தால் கார்மைன் குரோமோசோமில் இன்னும் அழுத்தமாகப் பிடிக்கும். கால் மணி நேரம் சாயத்தில் விடுங்கள். பிறகு வேரை வெள்ளைத்தாள்மேல் வைத்த வாட்ச் கிளாஸில் பாருங்கள். நுனியில் ஒன்று ஒன்றரை மில்லிமீட்டர் மட்டும் அடர்ந்த சிவப்பாக இருக்கும். செல்கள் பிரிந்துகொண்டே இருக்கும் ஆக்குத்திசு அதுதான். அங்கே செல்கள் சிறியவை, உட்கருக்கள் நெருக்கமாக இருப்பதால் நிறம் கூடித் தெரிகிறது. அதற்கு மேலே வெளிறிய பகுதியில் செல்கள் நீண்டுவிட்டன, பகுப்பு இல்லை. வேண்டாத அந்த நீளத்தை வெட்டி எறியுங்கள். “கொஞ்சம் கூடவே வைத்துக்கொள்ளலாமே” என்று இரண்டு மூன்று மில்லிமீட்டர் சேர்த்து வைப்பவர்களின் ஸ்லைடில் நீண்ட செவ்வகங்களே நிறைந்திருக்கும்.

நசுக்குவது

மொத்தச் செய்முறையும் இந்த அரை நிமிடத்தில்தான் தேறும் அல்லது கெடும். ஸ்லைடில் 45 சதவீத அசிட்டிக் அமிலம் ஒரு சிறு துளி, அதில் சாயமேறிய நுனி. ஊசியின் பக்கவாட்டால் அதை அழுத்திச் சிதறடியுங்கள். முனையால் குத்தவேண்டாம். வேர்மூடியின் கெட்டியான துணுக்கு ஏதாவது தெரிந்தால் எடுத்துவிடுங்கள், ஒரு சிறு துணுக்கே கவர் ஸ்லிப்பைத் தூக்கிப்பிடித்து மற்ற செல்களைத் தட்டையாகவிடாமல் செய்யும். கவர் ஸ்லிப்பைச் சாய்வாக இறக்கி, காற்றுக்குமிழி சிக்காமல் மூடுங்கள். இப்போது ஒரு கையின் விரலால் கவர் ஸ்லிப்பின் ஒரு மூலையை அசையாமல் பிடித்துக்கொண்டு, பென்சிலின் மொட்டை முனையால் நடுவில் செங்குத்தாகத் தட்டுங்கள். மெல்ல, அடுத்தடுத்து. செல்கள் பிரிந்து இளஞ்சிவப்புப் படலமாக விரிவது வெறுங்கண்ணுக்கே தெரியும். கட்டி எதுவும் இல்லாமல் ஆனபின் மேலே வடிதாளை இரண்டாக மடித்து வைத்து, கட்டைவிரலை நேர்க்கீழாக ஊன்றி அழுத்துங்கள். கவர் ஸ்லிப் ஒரு மயிரிழை பக்கவாட்டில் நகர்ந்தாலும் செல்கள் உருண்டு சுருண்டுவிடும். அந்த ஸ்லைடைக் கழுவிவிட்டு அடுத்த நுனியை எடுப்பதுதான் நேர மிச்சம்.

பரப்புவதில் இவ்வளவு கறார் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு வரலாறு. 1923இல் தியோஃபிலஸ் பெயின்டர் மனித செல்லில் குரோமோசோம்கள் 48 என்று எண்ணினார். 1956இல் ஜோ ஹின் சியோவும் ஆல்பர்ட் லெவானும் 46 என்று திருத்தும்வரை உலகம் 48 என்றே நம்பியது. அவர்களுக்குக் கைகொடுத்தது நுட்பமான கருவியல்ல. செல்லை நீர்த்த கரைசலில் உப்பவைத்து, கோல்ச்சிசின் என்ற நஞ்சால் பகுப்பை நடுவழியில் தடுத்து, நசுக்கி, குரோமோசோம்களை ஒன்றின்மேல் ஒன்று விழாமல் பரப்பியதுதான். லெவான் அதற்கு முன்பே, 1938இல், வெங்காய வேரில் கோல்ச்சிசின் என்ன செய்கிறது என்று ஆராய்ந்தவர்.

எதுவும் நடக்காத செல்கள்

முதலில் 10 மடங்கு பொருளருகு லென்ஸில் ஸ்லைடு முழுக்கச் சுற்றி, சிறிய சதுரச் செல்கள் கூட்டமாக இருக்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். பிறகு 40க்கு மாறுங்கள். ஐரிஸ் துளையைக் கொஞ்சம் சுருக்குங்கள், முழுதாகத் திறந்துவைத்தால் வெளிச்சத்தில் சாயம் கரைந்ததுபோல் தோன்றும். நுண் குவியத் திருகிலிருந்து விரலை எடுக்கவே கூடாது. நசுக்கிய செல்லுக்கும் தடிமன் உண்டு, ஒரே குவியத்தில் முழுச் செல்லும் தெரியாது.

பத்தில் ஒன்பது செல்கள் இடைக்கால நிலையில், அதாவது ஒரு பகுப்புக்கும் அடுத்ததற்கும் இடையில், இருக்கும். வட்டமான உட்கரு, மணல்போல் பொடிப்பொடியான நிறம், நடுவில் ஒன்றிரண்டு வெளிறிய வட்டங்கள். அந்த வெளிறிய இடங்கள் உட்கருமணிகள். ஆர்சின் அங்கே அவ்வளவாகப் பிடிக்காது. மாணவர்கள் இவற்றை “ஓய்வு நிலை” என்று எழுதும்போதெல்லாம் சிவப்பு மையால் அடித்துவிடுவேன். டிஎன்ஏ முழுவதும் இரட்டிப்பது இந்த நிலையில்தான். அதையும் முதலில் காட்டிக்கொடுத்தது ஒரு வேர்நுனியே. 1953இல் அல்மா ஹோவர்டும் ஸ்டீஃபன் பெல்க்கும் அவரை வகைச் செடியான விசியா ஃபாபாவின் வேர்களுக்குக் கதிரியக்கப் பாஸ்பரஸ் 32ஐக் கொடுத்து, டிஎன்ஏ உருவாவது இடைக்காலத்தின் நடுப்பகுதியில் மட்டும்தான் என்று காட்டினார்கள். டிஎன்ஏ உருவாவதற்கு முன் ஜி1, உருவாகும்போது எஸ், உருவானபின் ஜி2 என்ற பிரிவினை அங்கிருந்து வந்தது. உங்கள் ஸ்லைடில் இந்த மூன்றையும் கண்ணால் பிரிக்க முடியாது. பெரிய உட்கருவைக் காட்டி “இது ஜி2” என்று சொல்வது ஊகம், அவ்வளவே. ஆர்சினுக்குப் பதில் ஃபியூல்கன் சாயம் போட்டு, ஒவ்வொரு உட்கருவும் எவ்வளவு நிறம் ஏற்றது என்று கருவியால் அளந்தால் பிரிக்கலாம். 1924இல் வந்த அந்த முறையில் நிறத்தின் அளவு டிஎன்ஏவின் அளவுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஜி2 செல், ஜி1 செல்லைப்போல் இரண்டு மடங்கு காட்டும்.

அந்தப் பொடிப்பொடி நிறத்துக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இரட்டிப்புக்கு முன் ஒரு வெங்காய செல்லில், டிஎன்ஏ ஏணியின் படிகளான கார இணைகள் ஏறத்தாழ 3,200 கோடி. இணைக்கு 0.34 நானோமீட்டர் என்றால் மொத்தம் கிட்டத்தட்ட 11 மீட்டர் டிஎன்ஏ. உட்கருவோ 20 மைக்ரோமீட்டருக்கும் குறைவான குறுக்களவு. இதற்குள் அடங்கவேண்டும், அடங்கினாலும் சிக்கலாகக்கூடாது, சிக்கலில்லாமல் இருந்தாலும் தேவையான ஜீனை எட்டும்படி இருக்கவேண்டும்.

முதல் மடிப்பு நியூக்ளியோசோம். எட்டு ஹிஸ்டோன் புரதங்கள் சேர்ந்த ஒரு சிறு உருளை: எச்2ஏ, எச்2பி, எச்3, எச்4 ஒவ்வொன்றிலும் இரண்டு. அதன்மேல் 147 கார இணை நீளம் டிஎன்ஏ ஒன்றே முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றியிருக்கும். டிஎன்ஏவின் பாஸ்பேட்டுகள் எதிர்மின்னூட்டம், ஹிஸ்டோனில் நிறைந்த லைசினும் அர்ஜினினும் நேர்மின்னூட்டம். பிடிப்பு பெரும்பாலும் அதனால் வருகிறது. இதற்கு மேல் பாடநூல்கள் 30 நானோமீட்டர் தடிமனுள்ள ஒழுங்கான சுருள் ஒன்றை வரைகின்றன. அதை அப்படியே மனப்பாடம் செய்யவேண்டாம். ஆய்வுக்குழாயில் அது உருவாகும் என்பது உண்மை. ஆனால் 2017இல் மனித செல்களின் உட்கருவை எலக்ட்ரான் டோமோகிராஃபியால் பார்த்தபோது அப்படி ஒரு சீரான சுருள் தென்படவில்லை. 5 முதல் 24 நானோமீட்டர் தடிமனில் ஒழுங்கற்று வளையும் சங்கிலிகளே இருந்தன. பகுப்பின்போதும் அதே சங்கிலிகள்தான், நெருக்கம் மட்டும் கூடியிருந்தது.

பகுப்பின் நிலைகளும் அவற்றின் போலிகளும்

பகுப்பு தொடங்கும்போது கான்டென்சின் என்ற புரதம் குரோமாட்டினை, அதாவது ஹிஸ்டோனில் சுற்றிய டிஎன்ஏவை, வளையம் வளையமாக இழுத்துக் கட்டுகிறது. பகுப்பின் முதல் நிலையான புரோஃபேஸில் உட்கரு நூல்கண்டுபோல் தெரிவது அதனால். ஆரம்ப புரோஃபேஸையும் இடைக்காலத்தையும் பிரிப்பதில்தான் ஆளுக்கு ஆள் எண்ணிக்கை மாறும். என் விதி இது: குவியத் திருகை மெல்ல அசைக்கும்போது, ஓர் இழையை அதன் தடிமனுக்குப் பல மடங்கு நீளத்துக்குக் கண்ணால் தொடர முடிந்தால் புரோஃபேஸ். பொடியாகவே அறுபட்டால் இடைக்காலம். வேறு விதி வைத்துக்கொண்டாலும் சரிதான், எண்ணத் தொடங்கியபின் மாற்றாதீர்கள்.

மெட்டாஃபேஸ் பக்கவாட்டிலிருந்து தெரிந்தால் பிரச்சினையே இல்லை: நடுவில் ஒரு பட்டை, கைகள் இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும். துருவத்திலிருந்து தெரியும் மெட்டாஃபேஸ்தான் ஏமாற்றும். வட்டமாகக் கிடக்கும் குரோமோசோம்களை நிறையப் பேர் புரோஃபேஸ் என்று எழுதிவிடுகிறார்கள். உட்கருவின் விளிம்பும் உட்கருமணியும் இல்லை, ஒவ்வொரு குரோமோசோமும் குட்டையாகத் தடித்து, நடுவில் கொஞ்சம் வெற்றிடம் விட்டுச் சுற்றிக் கிடக்கிறது என்றால் அது மெட்டாஃபேஸ்தான். அதிலுள்ள ஒரு குரோமோசோமைக் கொஞ்சம் நேரம் எடுத்துப் பாருங்கள். அதன் இரட்டித்த இரு பாதிகளான குரோமாட்டிடுகள் ஒவ்வொன்றிலும் சராசரியாக 70 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த டிஎன்ஏ. அத்தனையும் உங்கள் கண்ணெதிரே பத்து மைக்ரோமீட்டரை ஒட்டிய நீளத்தில் கிடக்கிறது.

16ஐயும் எண்ணவேண்டும் என்று ஆசையிருந்தால், வெட்டிய வேரை நிலைப்படுத்துமுன் 24 மணி நேரம் ஐஸ் நீரில் வையுங்கள். குளிர், குரோமோசோம்களை இழுக்கும் கதிர்கோல் இழைகளைக் கலைத்துவிடும், குரோமோசோம்கள் சிதறி நிற்கும். கோல்ச்சிசின் இன்னும் நன்றாக வேலை செய்யும், ஆனால் அது கொடிய நஞ்சு. ஆய்வகத்துக்கு வெளியே அதைத் தொடவேண்டாம். இப்படித் தடுத்து வைத்த வேரில் மெட்டாஃபேஸ் குவிந்துவிடும் என்பதால், நேரக் கணக்குக்கு அந்த ஸ்லைடு உதவாது.

குரோமாட்டிடுகள் பிரிந்து எதிரெதிர் துருவங்களுக்குச் செல்லும் அனாஃபேஸ் குறைவாகத்தான் கிடைக்கும். எல்லாக் குரோமோசோமும் கதிர்கோல் இழையோடு சரியாக இணையும்வரை செல் மெட்டாஃபேஸிலேயே காத்திருக்கும். கடைசி இணைப்பும் முடிந்ததும் சைக்ளின் பி, செக்யூரின் என்ற இரண்டு புரதங்களும் அழிக்கப்படுகின்றன. செக்யூரின் போனதும் அதுவரை கட்டுண்டிருந்த செப்பரேஸ் என்ற நொதி, குரோமாட்டிடுகளைப் பிணைத்திருந்த கோஹீசின் புரதத்தை வெட்டுகிறது. ஒவ்வொரு பகுப்பிலும் சைக்ளின் திடீரென்று மறைவதை 1982இல் கடல் முள்ளெலி முட்டைகளில் முதலில் கண்டவர் டிம் ஹன்ட். அதற்காக 2001இல் லேலண்ட் ஹார்ட்வெல், பால் நர்ஸ் ஆகியோருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். காத்திருப்பு நீளம், பிரிவு சட்டென்று முடிந்துவிடும். அனாஃபேஸ் அரிதாகத் தெரிவதற்குக் காரணம் அதுவே. இந்த நிலையில் குரோமோசோம்கள், கதிர்கோல் இழை இணையும் இடமான சென்ட்ரோமியரை முன்னால் விட்டு, கைகள் பின்னால் இழுபட வளைந்து செல்லும். இரண்டு கூட்டத்துக்கும் நடுவே பாலம்போல் இழுபட்ட இழையோ, பின்தங்கிய ஒற்றைத் துண்டோ தெரிந்தால் அதைத் தனியாகக் குறித்துவையுங்கள். குரோமோசோம் உடைந்ததன் அடையாளம் அது. நீரின் நச்சுத்தன்மையைச் சோதிக்க வெங்காய வேரைப் பயன்படுத்துபவர்கள் தேடுவதே இதைத்தான்.

பகுப்பின் கடைசி நிலையான டீலோஃபேஸா, அருகருகே ஒட்டிய இரண்டு சாதாரண செல்லா என்ற சந்தேகம் எல்லாருக்கும் வரும். தாவர செல் நடுவில் இடுங்கிப் பிரிவதில்லை. நடுவில் செல் தட்டு உருவாகி விளிம்பை நோக்கி வளரும். இரண்டு உட்கருக்களும் பக்கத்துச் செல்களின் உட்கருவைவிடச் சிறியதாக, அடர்த்தியாக, உட்கருமணி இல்லாமல் இருந்து, நடுச்சுவர் மெல்லிய கோடாக மட்டும் தெரிந்தால் டீலோஃபேஸ் என்று எண்ணுங்கள். உட்கருமணி திரும்பிவிட்டால் இரண்டு இடைக்கால செல்கள்.

எண்ணிக்கையிலிருந்து நேரம்

அழகான இடமாகப் பார்த்து எண்ணக்கூடாது. ஸ்லைடின் ஒரு மூலையில் தொடங்கி, உழவு ஓட்டுவதுபோல் போய்த் திரும்பி, வருகிற புலங்களையெல்லாம் எண்ணுங்கள். இடது ஓரத்திலும் மேல் ஓரத்திலும் பாதி தெரியும் செல்லைச் சேர்த்துக்கொள்ளுங்கள், வலதிலும் கீழிலும் விட்டுவிடுங்கள். குறைந்தது ஆயிரம் செல்களாவது வேண்டும். 100 செல் எண்ணினால் அனாஃபேஸ் ஒன்று வந்தாலும் வரும், வராமலும் போகும். அதை வைத்து எதுவும் பேச முடியாது.

கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: 1000 செல்லில் 62 புரோஃபேஸ், 16 மெட்டாஃபேஸ், 8 அனாஃபேஸ், 14 டீலோஃபேஸ். மொத்தம் 100 செல் பகுப்பில். ஆக மைட்டாசிஸ் குறியீடு, அதாவது பகுப்பில் இருக்கும் செல்களின் பங்கு, 10 சதவீதம். ஒரு பகுப்பிலிருந்து அடுத்த பகுப்புவரையான சுழற்சி முழுதும் 24 மணி நேரம் என்று கொண்டால், அதாவது 1,440 நிமிடம், புரோஃபேஸ் 89 நிமிடம், மெட்டாஃபேஸ் 23, அனாஃபேஸ் பன்னிரண்டுக்கும் குறைவு, டீலோஃபேஸ் 20. பகுப்பு மொத்தம் 2.4 மணி நேரம். செய்முறைத் தேர்வில் இதை எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும்.

ஆனால் இந்த நேர்விகிதக் கணக்கில் ஓர் ஓட்டை உண்டு. ஒரு செல் பிரிந்ததும் இரண்டாகிறது. ஆகவே எல்லாச் செல்களும் பிரிந்துகொண்டே இருக்கும் திசுவில், இப்போதுதான் பிறந்த செல்களின் எண்ணிக்கை பிரியப்போகும் செல்களைப்போல் இரண்டு மடங்கு இருக்கும். சுழற்சியின் கடைசியில் வரும் நிலைகள் எண்ணிக்கையில் குறைத்துக் காட்டப்படும். திருத்தம் எளிது: குறியீட்டுப் பின்னத்தோடு (இங்கே 0.1) 1ஐக் கூட்டி, அதன் இயல் மடக்கையை 2இன் இயல் மடக்கையால் வகுத்து, சுழற்சி நேரத்தால் பெருக்குங்கள். 1.1இன் மடக்கை 0.0953. அதை 0.693ஆல் வகுத்து 24ஆல் பெருக்கினால் 3.3 மணி நேரம். ஒரே ஸ்லைடுதான், முதல் விடையோடு ஒப்பிட்டால் ஒரு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட வித்தியாசம். வேர்நுனியில் பிரியாமல் நின்றுவிட்ட செல்களும் கலந்திருப்பதால் உண்மை நிலவரம் இந்தச் சூத்திரத்துக்கும் முழுக்கக் கட்டுப்படாது. எந்தக் கணக்கைப் பயன்படுத்தினீர்கள், சுழற்சி நேரத்தை எவ்வளவாகக் கொண்டீர்கள் என்ற இரண்டையும் பதிவேட்டில் விடைக்கு மேலேயே எழுதிவிடுங்கள்.

ஸ்லைடை மறுநாளும் பார்க்கவேண்டுமானால் கவர் ஸ்லிப்பின் நாலு ஓரத்தையும் நகச்சாயத்தால் அடைத்துக் குளிர்பெட்டியில் வைக்கலாம். சில நாள் தாங்கும், பிறகு ஓரங்கள் உலர்ந்து காற்று புகும். நீங்கள் தேடிய அந்த மெட்டாஃபேஸைப் படம் எடுப்பதென்றால் அதற்குள் எடுத்துவிடுங்கள்.